மூக்கைப் பிடித்த கை

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேனாவைவிட விசில்தான் எனக்குப் பழக்கம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பயம். வீட்டுக்குள்ளே, தண்ணீர் இல்லாமல், நீச்சல் பழகுவதைப் பற்றி நான் எழுதப் போக, யாரோ அதில் பாதியை மட்டும் படித்துவிட்டு, “கட்டிலில் பழகினாலே போதும்னு அந்த பாயே சொல்லியிருக்கார்” என்று ஆற்றில் இறங்கிவிட்டால்? நாளை மறுமையில் அதற்கு நான் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? பேப்பரை எடுப்பேன், மறுபடி அலமாரியில் வைத்துவிடுவேன்.

போன கோடையில் நம் பக்கத்து நீச்சல் குளங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் சிலர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். “போர்வெல் இறங்கிடுச்சு சார், குளம் காலி. ரெண்டு மாசம் பிள்ளைங்களுக்கு லீவு விட்டுட்டோம்” என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். நீங்கள் போனபிறகு என் வீட்டுக்காரி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, “தெரிஞ்சதைச் சொல்லாம போனாலும் அதுக்கும் கேள்வி உண்டுங்க” என்று ஒரே போடாகப் போட்டாள். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள். அதுதான் நான் கேட்கும் முதல் உதவி.

நான் நீச்சல் கற்றதே கட்டிலில்தான் என்றால் சிரிப்பீர்கள். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தில் பிறந்தவன், பாலத்திலிருந்து காவிரியில் குதித்தவன், எனக்கு நீச்சல் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வயதுக்கு வந்த ஆண்பிள்ளை என்றால் சபர் போக வேண்டும், அதாவது வளைகுடாவுக்குப் பிழைக்கப் போக வேண்டும். என்னையும் அனுப்பினார்கள். ஒரு பெரிய ஹோட்டலில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும் வேலை. காலையில் வலைக்கம்பால் இலையும் முடியும் அள்ள வேண்டும், தரையைத் தேய்க்க வேண்டும். குளத்தில் இறங்க மட்டும் கூடாது. அது விருந்தாளிகளுக்கு.

அங்கே உயிர்காப்பாளராக இருந்தவர் ஒரு மலையாளி. வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவருடையது. பெயரைச் சொல்லக் கூடாது என்று அவரே என்னிடம் வாக்கு வாங்கியிருப்பதால் சேட்டன் என்றே எழுதுகிறேன். ஒருநாள், “நீ காவேரிக்காரனல்லே? எப்படி நீந்தும்னு காட்டு” என்றார். கட்டிலில் குப்புறப் படுத்துக் கைகாலை அடித்துக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தலையை ஏன் இப்படித் தூக்கி வைக்குது? முடி நனைஞ்சா அம்மா அடிக்குமோ?”

எங்கள் ஆற்றில் அப்படித்தான் நீந்துவோம். மிதந்து வரும் முள்ளும் பாம்பும் தெரிய வேண்டுமே. தலை மேலே, கால் கீழே, அரை நாழிகையில் களைத்துப் போகும் நீச்சல் அது. சேட்டன் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். வயிற்றுக்கடியில் மடித்த கம்பளி, முகத்துக்கு நேரே தரையில் ஒரு பக்கெட் தண்ணீர். முகத்தை அதில் வைத்து மூச்சை விட வேண்டும், பக்கவாட்டில் திரும்பி இழுக்க வேண்டும், கை அதற்கேற்ப வர வேண்டும். அறையில் இருந்த மற்றவர்கள், “டேய், இவன் கட்டில்லயே ஊருக்குப் போயிடுவான் போலிருக்கு, நம்ம லெட்டரையும் குடுத்து விடலாம்டா” என்று ஓட்டினார்கள்.

உயிர்காப்பாளர் வேலைக்குத் தேர்வு வைத்த அன்றைக்குத்தான் அந்தக் குளத்தில் முதன்முதலாக இறங்கினேன். கையும் காலும் தானாகப் போயின. பாதித் தூரத்தில் மூச்சு போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சேட்டன் குனிந்து காதில் சொன்னார்: “கட்டில் உனக்குக் கையும் காலும் தந்தது. இந்த வெள்ளத்தில உனக்குள்ள என்ன நடக்கும்னு பாவம் கட்டிலுக்கு என்ன தெரியும்? அடுத்த மாசம் வா.” வெள்ளம் என்றால் அவர் பாஷையில் தண்ணீர்.

அடுத்த முறை தேறினேன், அல்லாஹ்வின் கிருபை. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை என் தொழில் முழுக்க என்னோடு வந்தது. தரையில் எதைப் பழக்கலாம், எதைப் பழக்க முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலையில் பாதி.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பிவிட்டேன். அது தொண்ணூறுகளின் நடுவில். வெளிநாட்டுப் பணம் வந்து இறங்கி, ஊருக்கு ஊர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் முளைத்த காலம். மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில் குளமே கட்டிவிட்டார்கள். நான் கோச். முதல் வாரம் பிள்ளைகளைக் குளத்தோரம் பெஞ்சுகளில் குப்புறப் படுக்க வைத்துக் காலடிக்கச் சொன்னேன். பிரின்சிபல் அம்மா வேகமாக வந்தார்கள்.

“பாய், பேரண்ட்ஸ் தண்ணிக்கு ஃபீஸ் கட்டுறாங்க. நீங்க பெஞ்சுக்குப் பாடம் நடத்துறீங்க.”

“மேடம், முட்டியை மடக்குற பிள்ளை பெஞ்சுலயும் மடக்கும், தண்ணியிலயும் மடக்கும். தண்ணிக்குள்ள நுரையில எனக்குத் தெரியாது. பெஞ்சுல தெரியுது.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப பெஞ்சையாவது வரிசையா போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு தடுக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். அவர் பெயர் கலியபெருமாள். கல்யாணச் சமையல் மாஸ்டர். எங்கள் வட்டாரத்தில் அவர் கை சாம்பார் சாப்பிடாத ஆள் கிடையாது. நாற்பதைத் தாண்டியவர், என்னைவிட மூத்தவர், முறுக்கு மீசை, முன்னே நடக்கும் வயிறு. ஒரு சித்திரை மாதம், வெயில் கொளுத்துகிற மதியம், மொபெட்டில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மேட்டூர் மூடி மாதக்கணக்காகிவிட்டது. காவிரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் குளமும் காலி.

“பாய், எனக்கு நீச்சல் கத்துக் குடுக்கணும். ஒரு மாசத்துல.”

“எதுக்கு மாஸ்டர் இந்த வெயில்ல?”

“கப்பல்ல சமையல் வேலை வந்திருக்கு. சென்னையில ஒரு டிரெயினிங் இருக்காம். கடல்ல விழுந்தா எப்படிப் பொழைக்கிறதுன்னு. நீந்தணும், மிதக்கணும்னு ஏஜென்ட் சொல்றாரு. அதுல ஃபெயில்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும். என் வயசுக்கு இன்னொரு தடவை யாரு பாய் கூப்புடுவா?”

அவர் மனைவி தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காவேரிக் கரையில பொறந்து வளந்த மனுஷன், அண்ணே. இடுப்புக்கு மேல தண்ணியப் பாத்ததில்ல. கேட்டா, ரசத்துல பாக்காத தண்ணியாங்குறாரு” என்றார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் எல்லாம் சமையலை மொத்தமாகக் காண்டிராக்டுக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். “டிரேயில அடுக்கி வெச்சுடுறான் பாய். ஜனங்க தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நிக்குது. என்கிட்ட இருந்த பசங்க அத்தனை பேரும் திருப்பூர் போயிட்டானுங்க. ரெண்டு பொண்ணு படிக்குது. எனக்குத் தெரிஞ்சது கரண்டி ஒண்ணுதான். கரையில கரண்டிக்கு வேலை இல்லன்னா கடல்லயாவது பாக்குறேன்.”

நான் அவரிடம் ஒரே கேள்வி கேட்டேன். “ஐப்பசியில துலாக் கட்டத்துல முழுக்குப் போடுவீங்கள்ல? எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்க.”

எழுந்து நின்றார். இடது கை படித்துறைச் சங்கிலியைப் பிடிப்பதுபோல நீண்டது. வலது கை மூக்கை இறுக்கிப் பிடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு முட்டி மடங்கி ஒரு முங்கல். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி கடைசி நாளான கடைமுழுக்கு அன்று கயிறும் ரப்பர் டியூபுமாகப் படித்துறையில் காவலுக்கு நிற்கிறவன் நான். தண்ணீருக்குள் போகிற ஆயிரம் தலைகளில் ஆயிரத்துக்கும் கை மூக்கில்தான் இருக்கும். இடுப்புக் குழந்தைக்குத் தாயே மூக்கைப் பிடித்து முக்கி எடுப்பாள். பேச வருமுன்பே இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அது வந்துவிடுகிறது. முகத்தில் தண்ணீர் பட்டால் கை மூக்குக்குப் போகும். முழுக்குக்கு அது சரி. நீந்துகிறவனுக்கு ஒரு கை போனால் படகுக்கு ஒரு பக்கத் துடுப்பு போன மாதிரி.

அவர் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பித்தோம். காய் நறுக்குகிற நீளப் பெஞ்சில் சாக்கை மடித்துப் போட்டுக் குப்புறப் படுக்க வைத்தேன். வருஷக்கணக்காக அண்டா கிண்டிய தோள். கை வீச்சு நான் எதிர்பார்த்ததைவிட அழகாக வந்தது. கால் கொஞ்சம் மக்கர் பண்ணியது, அதுவும் வழிக்கு வந்தது. அந்த விவரமெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீரில் வைக்கத்தான் முடியவில்லை. அவருடைய சாம்பார் அண்டாவைத்தான் பெஞ்சுக்கு முன்னால் நிரப்பி வைத்திருந்தோம். மூக்கு நுனி நனைந்ததும் கை பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

“கையை எறக்குங்க மாஸ்டர்.”

“எறக்கித்தான் பாய் வெச்சிருந்தேன்.”

“இது யார் கை?”

“அதானே தெரியல.”

தையல்நாயகிக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குள் போய் இரண்டு கரண்டிகளை எடுத்துவந்து அவருடைய இரண்டு கையிலும் திணித்தார். “அண்ணே, உலை பொங்கி மேல ஊத்துனாக்கூட இவரு கரண்டியக் கீழ போட்டுப் பாத்ததில்ல. இதைப் புடிச்சுக்கிட்டு முங்கச் சொல்லுங்க.”

முங்கினார். கரண்டி இரண்டும் அப்படியே நின்றன. கை மூக்குக்கு வரவில்லை. குமிழி குமிழியாக மூச்சு வெளியே வந்தது. தலையைத் தூக்கித் தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்த அந்த முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. “இத்தன நாளு அண்டாவுல கத்திரிக்கா வெந்துச்சு. இன்னிக்கு மாஸ்டரே வெந்துட்டாரு” என்றார் அந்த அம்மா. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர், கூடத்துலயே கப்பல் வந்துடுச்சா?” என்று கேட்டார்கள். அவர் கரண்டியை உயர்த்தி, “ஏறுறியா? இடம் இருக்கு” என்பார். இரண்டு வாரத்தில் பெஞ்சில் அவரைப்போல் நீந்த எனக்கே வராது.

அப்புறம்தான் தண்ணீர்.

ஊருக்கு வெளியே ஒருவர் கோடைப் பருத்திக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தார். பம்புசெட் தொட்டி, மார்பளவு ஆழம், நான்கு வீச்சு போட்டால் எதிர்ச்சுவர். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கினோம். மாஸ்டர் தெம்பாகத்தான் இருந்தார். நான் இடுப்பில் தாங்கிக்கொள்ள, கையை நீட்டி, முகத்தைக் கவிழ்த்தார். அவ்வளவுதான். கரண்டி இல்லாத வலது கை மூக்குக்குப் பறந்தது. இடது கை என் கழுத்தைப் பிடித்தது. கால் தரையைத் தேடி வழுக்கியது. மார்பளவுத் தண்ணீரில் அந்தப் பெரிய உடம்பு உருண்டது. நிமிர்த்தி நிறுத்துவதற்குள் நானே இரண்டு வாய் குடித்துவிட்டேன்.

தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தார். “எனக்கு இது ஆவாது பாய். சீட்டை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிடுறேன்.”

தையல்நாயகி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. மாஸ்டரின் வேட்டியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. “கொஞ்சம் இருங்க, தொழுதுட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விழும் இடத்தில் உட்கார்ந்து ஒளு செய்தேன். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம் என்று கழுவிச் சுத்தம் செய்துகொள்வது எங்கள் கடமை. மூக்குக்குள் தண்ணீரை இழுத்துச் சிந்தினேன். இன்னொரு தரம். இன்னொரு தரம்.

“பாய்!” மாஸ்டர் பதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “மூக்குல தண்ணி ஏறுது பாருங்க!”

“ஏறத்தான் விடுறேன் மாஸ்டர்.”

“மண்டைக்கு ஏறிடாதா?”

“ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, சின்ன வயசுலேர்ந்து ஏறுது. மண்டை இங்கதான இருக்கு.”

சொல்லிவிட்டு நானே அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வாரமாக நான் அந்தக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கொடுத்துக் கட்டிப் போட்டேன். ஆனால் கைக்கு என்ன தெரியும்? பயந்தது மூக்கு. மூக்குக்குள் ஒரு சொட்டுப் போனால் உயிர் போய்விடும் என்று அந்த மனிதர் நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். காவலுக்கு ஓடி வந்த கையை மட்டும் நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

தொழுதுவிட்டு வந்து அவரை வாய்க்காலில் உட்கார வைத்தேன். “மாஸ்டர், நான் செய்யறது எனக்கு இறைவணக்கம். உங்களுக்கு இது பயிற்சி மட்டும்தான். கொஞ்சமா எடுங்க, இழுங்க, சிந்துங்க.” இழுத்தார். கண் சிவந்து, தும்மி, இருமி, மூக்கும் வாயும் ஒழுக, என்னைத் திட்ட வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

“ஏறிடுச்சு பாய்.”

“ஏறிடுச்சா? செத்துட்டீங்களா?”

வரப்பிலிருந்து தையல்நாயகி, “பேசுறாரே அண்ணே, இன்னும் இல்ல போலருக்கு” என்றார். அவர் குரல் திரும்பிவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது.

அன்றிலிருந்து அவர் வீட்டில் ஒரு புது நடைமுறை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் அந்த அம்மா, “அங்க பாய் மூக்கு கழுவுறாரு, எழுந்திரிங்க” என்று மாஸ்டரைக் குழாயடிக்கு விரட்டிவிடுவார். விடியற்காலைப் பாங்குக்கும் விடவில்லை என்று மாஸ்டர் என்னிடம் புகார் சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபடி பம்புசெட்டுக்குப் போனோம். நான் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் கவிழ்ந்தது. குமிழி வந்தது. இரண்டு கையும் முன்னே போயின. எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு நின்று, தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் பழகியது எல்லாம் அன்றைக்குத்தான் தண்ணீருக்குள் வந்து சேர்ந்தது. மீதியிருந்த நாளில் அந்தத் தொட்டியை விட்டு அவரை எழுப்புவதுதான் சிரமமாக இருந்தது.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். பயிற்சி நடந்த இடத்தில், குளத்துக்கு மேலே கம்பி போட்ட மாடம் மாதிரி ஒன்று. அங்கே உட்கார விட்டார்கள். “பாக்கலாம். பேசக் கூடாது. சத்தம் வந்தா வெளிய அனுப்பிடுவோம்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். நானும் என் குளத்தில் பெற்றோர்களிடம் அதைத்தான் சொல்வேன்.

எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட் மாட்டினார்கள். பயிற்சியாளர் கப்பலில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது, இந்தியும் இங்கிலீஷும் கலந்து மளமளவென்று பேசினார். பிறகு வீட்டு மாடி உயரம் இருந்த ஒரு மேடையில் ஏறி, குதிப்பது எப்படி என்று செய்து காட்டினார். ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடினார். மறு கையால் ஜாக்கெட்டை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தார். நேராகப் பார்த்தபடி ஒரு அடி எடுத்து வைத்து விழுந்தார்.

நீந்தணும், மிதக்கணும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உயரத்திலிருந்து குதிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. ஒரு மாதமாக நாங்கள் இருவரும் எந்தக் கையை மூக்கிலிருந்து பிய்த்து எடுத்தோமோ, அந்தக் கையை மூக்கில் வைக்கச் சொல்கிறார்கள்.

மாஸ்டர் முறை வந்தது. மேடை நுனியில் நின்றார். இரண்டு கையும் தொடையோரம், கண்ணுக்குத் தெரியாத கரண்டிகளைப் பிடித்த மாதிரி இறுகியிருந்தன. “ஹேண்ட்! நோஸ்!” என்று கத்தினார் பயிற்சியாளர். மாஸ்டர் மாட்டேன் என்று தலையாட்டினார். தன்னைச் சோதிக்கிறார்கள், கையை வைத்தால் தோற்கடித்துவிடுவார்கள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். பயிற்சியாளர் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை விட்டார். எல்லோரும் குதித்து முடித்தார்கள். மேடையில் அவர் மட்டும். “லாஸ்ட் சான்ஸ்” என்றது எனக்கே புரிந்தது. மாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் யோசிக்க நேரம் கிடைக்கிற கஷ்டம் கஷ்டமே இல்லை. அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியது இது. வாயைத் திறந்தால் என்னை வெளியே அனுப்புவார்கள், அவர் தனியாகிவிடுவார். கையை மூக்கில் வை என்று இப்போது நான் ஜாடை காட்டினால், வைத்த கை அங்கேயே ஒட்டிக்கொண்டு, அடுத்து நீந்தும்போது வராமல் போனால் எல்லாம் பாழ். காட்டாமல் விட்டால் சீட்டு போகும். ஆனால் பயிற்சியாளர் சொன்னது சரி. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீர் மூக்கில் அடித்து ஏறும், ஜாக்கெட்டும் தாடையில் இடிக்கும். என் பாடம் பெரிதா, அவர் பத்திரம் பெரிதா?

யா அல்லாஹ் என்று எழுந்து நின்றேன். இடது கையைச் சங்கிலி பிடிப்பதுபோல நீட்டினேன். வலது கையால் என் மூக்கை இறுக்கிப் பிடித்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, முட்டி மடக்கி, அங்கேயே ஒரு துலா முழுக்குப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தார்.

மாஸ்டரின் மீசை அகன்றது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. இது அவருக்குத் தாய் இடுப்பில் இருந்தபோதே வந்த வித்தை அல்லவா? வலது கை மூக்குக்குப் போனது. இடது கை ஜாக்கெட்டைப் பிடித்தது. ஒரு அடி எடுத்து வைத்தார்.

குளத்துத் தண்ணீரில் பாதி வெளியே வந்த மாதிரி ஒரு சத்தம். ஆள் மேலே வந்தார். மிதந்தார். ஆனால் கை மூக்கிலேயே இருந்தது. அப்படியே மிதந்துகொண்டு என்னைப் பார்க்கிறார். ஏன் எடுக்கவில்லை என்று தவித்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் இன்னும் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்! மெதுவாகக் கையை இறக்கினேன். இரண்டு கையாலும் காற்றில் அண்டா கிண்டிக் காட்டினேன். அவர் கை இறங்கியது.

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நீந்தச் சொன்னார்கள். எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தார். பாரவண்டி போலத்தான் வந்தார். ஆனால் முகம் தண்ணீருக்குள், குமிழி வரிசையாக, இரண்டு கையும் மாறி மாறி முன்னால். சுவரைத் தொட்டார். மல்லாந்து மிதந்தார். பயிற்சியாளர் குனிந்து அவர் தோளைத் தட்டியதைப் பார்த்தபிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

வெளியே டீக்கடை. மாஸ்டருக்குக் கோபம்கூட இருந்தது.

“ஒரு மாசமா எறக்கு எறக்குன்னீங்க. இன்னிக்குப் புடின்னீங்க. எதைத்தான் பாய் நம்புறது?”

“ரெண்டையும்தான் மாஸ்டர். மேலேர்ந்து விழறப்ப மூடணும். நீந்தறப்ப விடணும். நீங்க எந்தத் தண்ணியில இருக்கீங்கன்னு பாக்கணும்.”

கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். “சாம்பாரைக் கொதிக்க விடணும். ரசத்தை நுரை கட்டுனதும் எறக்கிடணும். அப்படித்தான?”

“அப்படியேதான்.”

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே பாய்.”

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசினார். “பாஸ்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து தையல்நாயகி சத்தம் எனக்கே கேட்டது. “பாஸ் கெடக்கட்டும், மூக்கு இருக்கா?” மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கில் குளோரின் ஏறிவிட்டது என்றார்.

கப்பலுக்குப் போனார். பின்னாளில் அவர் பெண்கள் இரண்டு பேரும் படித்து முடித்தார்கள். முதல் விடுப்பு அவருக்கு ஐப்பசியில் அமைந்தது. கடைமுழுக்கு அன்று வழக்கம்போல நான் கயிறோடு படித்துறை ஓரத்தில் நின்றேன். கூட்டத்துக்குள் அந்த மீசை தெரிந்தது. பக்கத்தில் தையல்நாயகி. காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் இடது கையால் சங்கிலியைப் பிடித்தார், வலது கையால் மூக்கைப் பிடித்தார், அவர் அப்பா செய்தபடியே மூன்று முழுக்குப் போட்டார். நான் மனதுக்குள் சரி என்றேன். அது அந்தத் தண்ணீருக்கு உரியது.

பிறகு சங்கிலியை விட்டார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு நான்காவது முறை முங்கினார். கூப்பிய கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதற்குக் கீழே குமிழி குமிழியாக மூச்சு வந்துகொண்டே இருந்தது. தையல்நாயகி என்னைப் பார்த்து, “போதும்னு சொல்லுங்க அண்ணே, சாமி பயந்துடப் போவுது” என்றார்.

குளம் வற்றினால் பாடத்தை நிறுத்தாதீர்கள். பெஞ்சு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, அண்டா இருக்கிறது. ஆனால் பெஞ்சில் தேறிய யாரையும், மார்பளவுத் தண்ணீரில் உங்கள் கை அவர் இடுப்பில் இருக்கப் பார்க்காமல், தேறியவர் என்று சொல்லிவிடாதீர்கள். கை தப்புச் செய்தால் கையை அடிக்காமல், அது எதைக் காப்பாற்ற ஓடுகிறது என்று பாருங்கள்.

உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மூக்கிலிருந்து கையை எடுத்ததை மட்டும் சொல்லிவிட்டு, அதே கையை நான் திரும்ப வைக்கச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கலியபெருமாள் மாஸ்டர் கரை சேர்கிறார்.